ஒரு தபால் குமாஸ்தாவின் கிறிஸ்மஸ் தர்மம்

யூபிலி மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதித் தரவேண்டுமென்று நமது பங்குக் குருவானவர் கேட்டுக்கொண்டார். சரித்திரம் என்றால் ஆலயம் எழும்பிய கதை, மணி வந்த கதை, குருக்கள் மாட்டு வண்டியில் வந்து பூசை வைத்துப் போன கதை என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றை என்னைவிட நன்றாக அறிந்த பெரியவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். நான் எழுதப் புகுந்தது ஒரு சிறு காகிதத் துண்டின் சரித்திரம். கிறிஸ்து பிறப்பு விழாவில் பிறருக்கு நன்மை செய்யவென்றே பிறந்த காகிதம் அது. எங்கோ பனி பெய்யும் தேசத்தில் பிறந்து, சுற்றிச் சுற்றி நம் திருவண்ணாமலைப் பக்கமும் வந்து சேர்ந்தது.

நம் ஊரில் கிறிஸ்மஸ் எப்படி வருகிறது என்பதை நாமறிவோம். கார்த்திகை தீபம் முடிந்து, மலையுச்சியில் பதினொரு நாள் எரிந்த ஜோதியும் அணைந்து, ஜனக்கூட்டம் ஊர் திரும்பிய பிறகு நம் வீடுகளில் நட்சத்திரம் ஏறும். குடில் கட்டுவோம். முறுக்கும் அதிரசமும் சுட்டு, கேக்குத் துண்டும் வைத்து, அக்கம்பக்கத்து இந்து, இஸ்லாமிய சகோதரர் வீடுகளுக்குத் தட்டு அனுப்புவோம். தீபாவளிக்கும் ரம்சானுக்கும் அவர்கள் அனுப்பிய தட்டுக்கு அது பதில் மரியாதை. வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் துணியும் கொடுப்பார்கள். 1833-ம் வருடம் பாரீஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தம் தோழர்களோடு தொடங்கிய சபை அது. ஏழையைத் தம்மிடம் வரச் சொல்லாமல், ஏழையின் வீட்டுக்குத் தாங்களே போவது அதன் முதல் விதி.

இவையெல்லாம் நல்லவையே. ஆனாலும் ஒன்று சொன்னால் யாரும் வருத்தப்படக் கூடாது. டிசம்பர் 24-ம் தேதி ஏழையின் கதவைத் தட்டுகிற நாம், ஜனவரி மாதத்தில் அந்தத் தெரு வழியே போவதில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிக்கு ஒரு ரொட்டியும் இரண்டு வாழைப்பழமும் கொடுத்துவிட்டு, அவரைப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டு வருகிறோம். படத்தில் நாம் சிரிக்கிறோம்; அவர் எங்கேயோ பார்க்கிறார். இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் பெரிய தனவந்தரும் அல்லர், துறவியும் அல்லர். ஒரு தபால் குமாஸ்தா.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு, நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் டி.பி. ஸ்டாம்பு விற்றது நினைவிருக்கிறதா? வாத்தியார் வகுப்புக்கு இத்தனை என்று எண்ணித் தருவார். பார்ப்பதற்குத் தபால்தலை மாதிரியே பல் வெட்டி, பின்பக்கம் பசை தடவி இருக்கும். ஓரத்தில் சிவப்பாக ஒரு சிலுவை. சாதாரணச் சிலுவை அல்ல. குறுக்கே இரண்டு கட்டை உள்ளது. நான் அதைப் பார்த்து, இது நம் கோயில் ஸ்டாம்பு என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அது தபாலுக்குச் செல்லாது. கடிதத்தில் உண்மையான தபால்தலையை ஒட்டி, அதற்குப் பக்கத்தில் இதை அலங்காரமாக ஒட்ட வேண்டும். விஷயம் தெரியாமல் இதை மட்டும் ஒட்டி அனுப்பிவிட்டால், கடிதம் பெறுகிறவர் தபால்காரரிடம் இரட்டைக் கட்டணம் அழவேண்டும். எங்கள் உறவில் ஒரு சித்தப்பாவுக்கு அப்படி நேர்ந்தது. தர்மம் செய்தது நாங்கள், காசு கொடுத்தது அவர்!

அந்த இரட்டைக் கட்டைச் சிலுவை பிரான்ஸ் தேசத்து லொரேன் நாட்டுச் சிலுவை. 1902-ம் வருடம் பெர்லின் நகரில் கூடிய சர்வதேச மாநாட்டில், காசநோயை எதிர்த்து நடக்கும் போருக்கு இதுவே கொடியாக இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள்.

காசநோய் என்று இன்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அன்று அந்தப் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சயரோகம் என்பார்கள், எலும்புருக்கி என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையின் கோடியில் ஒரு பாய். அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள். ஆகையால் நோயை மறைப்பார்கள், மறைப்பதால் முற்றும், முற்றுவதால் வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றும். 1882-ம் வருடம் மார்ச் 24-ம் தேதி ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தார். கிருமி தெரிந்தது, கொல்லும் மருந்து தெரியவில்லை. மருந்து வர இன்னும் அறுபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

அந்த அறுபது வருடத்தில் மாண்டவர்களுள் ஒருவரை நாம் அனைவரும் அறிவோம். நம் வீடுகளில் ரோஜா மலர்களோடு படமாக மாட்டியிருக்கும் சிறுமலர், குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள். அவருடைய வாழ்வில் நடந்த ஒரு கிறிஸ்மஸை இங்கே சொல்லாமல் போக மனமில்லை.

பிரான்ஸ் தேசத்தில் கிறிஸ்மஸ் இரவில் பிள்ளைகள் தங்கள் காலணிகளை அடுப்பங்கரையில் வைப்பார்கள். அதில் பரிசுகள் இருக்கும். 1886-ம் வருடம் தெரேசாவுக்குப் பதினான்கு வயது நிறைய ஒரு வாரமே பாக்கி. தாயில்லாப் பிள்ளை, வீட்டில் கடைக்குட்டி, எதற்கெடுத்தாலும் அழுகிற சுபாவம். லிசியே நகரில் நள்ளிரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவுடன், களைத்திருந்த தகப்பனார், இந்தக் காலணி விளையாட்டு இந்த வருடத்தோடு முடிகிறதே, நல்லவேளை என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த பிள்ளையின் காதில் அது விழுந்தது. வேறு நாளாக இருந்தால் அழுது வீட்டை இரண்டாக்கியிருப்பாள். அன்று கண்ணீரை விழுங்கிக்கொண்டு இறங்கி வந்து, தகப்பனாரின் முன்னால் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பரிசாக எடுத்துக் காட்டினாள். தகப்பனாரும் களைப்பை மறந்து சிரித்தார். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் தன்னை மறந்து பிறரை மகிழ்விக்கும் அன்பு தன் இருதயத்தில் நுழைந்தது அந்த இரவில்தான் என்று தெரேசம்மாளே பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதி வைத்தார். பிறருக்குச் செய்த நன்மை என்று பார்த்தால், ஒரு கிழவரின் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டது, வேறொன்றுமில்லை.

பின்னர் அவர் கார்மேல் மடத்தில் சேர்ந்து, தொலைதேசத்து மடத்துக்கு, ஹனோய் நகருக்குப் போக ஆசைப்பட்டார். நோய் விடவில்லை. 1896-ம் வருடம் பெரிய வியாழன் இரவில் முதன்முதலாக இரத்தம் கக்கினார். 1897 செப்டம்பர் 30-ம் தேதி, 24-வது வயதில், காசநோயால் இறந்தார். பிரான்ஸ் போன்ற தேசத்தில், தக்க கவனிப்பு இருந்தும் இதுதான் கதி என்றால், ஏழைகளின் கதியை யோசித்துப் பாருங்கள்.

மருந்தில்லாத அக்காலத்தில் ஒரே நம்பிக்கை சானடோரியம். சுத்தமான காற்று, ஓய்வு, பால், முட்டை, மாமிசம். காற்றும் ஓய்வும்கூட அன்று பணக்காரர் சொத்து. பட்டணத்துச் சந்தில் எட்டுப் பேர் ஓர் அறையில் படுக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு மலைக் காற்று எங்கிருந்து கிடைக்கும்?

இந்த இடத்தில்தான் நம் குமாஸ்தா வருகிறார். பெயர் ஐனார் ஹோல்போல். டென்மார்க் தேசத்தவர். 1865-ம் வருடம் பிறந்தார். பிறந்த தேதி டிசம்பர் 24, கிறிஸ்மஸுக்கு முதல் நாள். தலைநகரான கோபன்ஹேகனில் தபால் இலாகாவில் வேலை.

1903-ம் வருடம் கிறிஸ்மஸ் சமயம். தபால் ஆபீசில் வாழ்த்துக் கடிதங்களும் கார்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து குவிகின்றன. தரம் பிரித்துப் பிரித்துக் கை ஓய்ந்த ஹோல்போலுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. இத்தனை லட்சம் கடிதங்கள் போகின்றன. ஒவ்வொன்றின் மேலும் தபால்தலையோடு கூட இன்னொரு சிறு முத்திரை ஒட்டினால் என்ன? மிகமிகக் குறைந்த விலையாக இருக்கட்டும். கடிதம் எழுதுகிற எவரும் இரண்டாம் யோசனையின்றி வாங்கக்கூடிய விலையாக இருக்கட்டும். சேரும் பணத்தைக் காசநோய் கண்ட குழந்தைகளுக்குச் செலவிடுவோம்.

நானும் பல வருடங்கள் பல நிதிக் கமிட்டிகளில் இருந்து ரசீதுப் புத்தகம் தூக்கியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த யோசனையின் மேன்மை அதன் சிறுமையில் இருக்கிறது. பெரிய நன்கொடை கேட்டால் பத்துப் பேர் தருவார்கள், அவர்கள் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும். தனியாக ஒரு நாள் ஒதுக்கி வாருங்கள் என்றால் வரமாட்டார்கள். ஹோல்போல் அப்படி எதையும் கேட்கவில்லை. ஜனங்கள் எப்படியும் செய்யப்போகிற ஒரு காரியத்தோடு தர்மத்தை ஒட்டிவிட்டார், பசை தடவி!

மேலதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். வயது முதிர்ந்த அரசர் 9-ம் கிறிஸ்டியான் அனுமதி தந்தார். முதல் முத்திரையில் காலஞ்சென்ற அரசி லூயிஸ் அம்மையாரின் முகம் அச்சாயிற்று. விலை 2 ஓரே. நூறு ஓரே சேர்ந்தால் ஒரு குரோனர். ஆக, நம் கணக்கில் இரண்டு பைசா என்று வைத்துக்கொள்ளலாம். 1904-ம் வருடம் கிறிஸ்மஸுக்கு விற்பனைக்கு வந்தது. அந்த ஒரே பருவத்தில் 40 லட்சத்துக்கு மேல் விற்றுப்போயிற்று. அன்று டென்மார்க்கின் மொத்த ஜனத்தொகையே சுமார் 25 லட்சந்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வாங்கியதாகக் கணக்கு!

வருடா வருடம் இப்படிச் சேர்ந்த ஓரேக்களைக் கொண்டு கோல்டிங் என்ற ஊரில் கடலோரத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு சானடோரியம் எழும்பி 1911-ம் வருடம் திறக்கப்பட்டது. அடுத்து, நலிந்த பிள்ளைகள் சில மாதம் தங்கி உடம்பு தேற்றிக்கொள்ளும் இல்லங்கள் வந்தன. அதைக் கட்டியவர் யார் என்று கேட்டால் எவர் பெயரையும் சொல்ல முடியாது. கடிதம் எழுதினவர்கள் கட்டினார்கள். ஹோல்போல் 1927-ல் காலமானார்.

மற்ற தேசங்களும் பின்பற்றின. அமெரிக்காவுக்கு இது போன விதம் சுவையானது. ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். உடன்பிறந்தவர்களில் ஆறு பேரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். தாய்நாட்டிலிருந்து வந்த கடிதத்தில் ஒட்டியிருந்த முத்திரையைப் பார்த்து விசாரித்து, 1907-ல் ஒரு கட்டுரை எழுதினார். டெலாவேர் மாகாணத்தில் எமிலி பிஸ்ஸெல் என்ற பெண்மணி அதைப் படித்தார். அவருக்கு அப்போது அவசரமாக 300 டாலர் தேவை. இல்லையேல் அவ்வூரில் ஏழைகளுக்கான ஒரு சிறு காசநோய்க் குடில் மூடப்படும். தாமே படம் வரைந்து, ஒரு சென்ட் விலையில் முத்திரை அச்சிட்டார். சேர்ந்த தொகை 3,000 டாலர். கேட்டது ஒரு மடங்கு, வந்தது பத்து மடங்கு.

இந்த டென்மார்க்குக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நம் ஊர்த் தெருவில் சற்று நடந்து பார்த்தால் போதும். டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் தெரியாத திருவண்ணாமலைக்காரர் உண்டா? நம் பங்குப் பிள்ளைகளிலும் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள்தாம். டேனிஷ் என்றால் டென்மார்க். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அத்தேசத்து லுத்தரன் மிஷனரிகள் தென் ஆற்காடு, வட ஆற்காடு பகுதிகளில் பணி செய்தார்கள். அதில் வளர்ந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் இடையே அவ்வளவு சுமுகம் இருந்ததில்லை. வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய மனஸ்தாபங்கள் புரியாது. நல்லதுதான்.

அந்த டேனிஷ் மிஷன் சார்பில், நம் ஊருக்குத் தெற்கே இருக்கும் திருக்கோவிலூருக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மருத்துவர் வந்தார். கிறிஸ்டியான் பிரிமோட்-மொல்லர் என்பது அவர் பெயர். பல மிஷன்கள் ஒன்றுகூடி, ஆந்திர எல்லையில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் என்ற இடத்தில் ஒரு காசநோய்ச் சானடோரியம் ஆரம்பித்தபோது, அதை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1915-ல் திறக்கப்பட்ட அந்தச் சானடோரியத்துக்கு நம் ஜில்லாக்களிலிருந்தும் நோயாளிகள் ரயிலேறிப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்தார்கள் என்பதே அன்று அதிசயம்.

சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928-ல் சானடோரியம் ஏற்படுத்தியவர் நம் தமிழரே. டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மென்டிப் மலைச் சானடோரியத்தை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே நோயுற்றிருந்த காலத்தில் சில மாதம் இவருடைய பராமரிப்பில் இருந்தார். இன்று மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைக் கடக்கும்போது அந்தப் பெயர் எப்படி வந்ததென்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

1939-ம் வருடம் இந்தியக் காசநோய்ச் சங்கம் தொடங்கியது. அதன் மருத்துவ ஆணையராகப் பணிபுரிந்தவரும் பிரிமோட்-மொல்லரே. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-ல், அச்சங்கம் நம் நாட்டிலும் முத்திரை விற்பனையை ஆரம்பித்தது. பல மதத்தாரும் வாழும் தேசமல்லவா? ஆகவே கிறிஸ்மஸ் முத்திரை என்று பெயரிடாமல் டி.பி. முத்திரை என்றார்கள். காந்தி ஜயந்தியன்று தொடங்கிக் குடியரசு தினத்தோடு விற்பனை முடியும். இடையில் தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்மஸ், பொங்கல் எல்லாம் அடங்கிவிடும். நாம் பள்ளியில் விற்ற ஸ்டாம்பு இதுவே. கோபன்ஹேகன் குமாஸ்தாவின் யோசனை நம் புத்தகப் பையில் கிடந்தது, நமக்குத் தெரியாமல்.

இன்னொரு டேனிஷ் சமாசாரம், நம் தோளிலேயே இருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பைச் சொல்கிறேன். அந்தத் தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் கால்மெட், கெரன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். முதலில் கொடுக்கப்பட்டது 1921-ல். இந்தியாவுக்காக அதைத் தயாரிக்க 1948-ல் கிண்டியில் ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்கே வளர்க்கப்பட்ட மருந்து வகைக்கு டேனிஷ் 1331 என்று பெயர்.

மருந்துகள் வந்தன. 1940-களில் ஸ்டிரெப்டோமைசின், பின்னர் ஐசோநியாசிட். ஆனால் சானடோரியத்தில் படுக்கை கிடைத்தால்தானே? லட்சக்கணக்கில் நோயாளி, ஆயிரக்கணக்கில் படுக்கை. 1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பகுதியினரைச் சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே வைத்தும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வும் குறைவு. இருந்தும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. 1959-ல் இம்முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. தனித் தட்டும் திண்ணைக் கோடியும் தேவையில்லை, மருந்தைத் தவறாமல் கொடு, வீட்டிலேயே வை என்று ருசுப்படுத்திய இடம் நம் சென்னைப் பட்டணம்.

அந்த நிலையம் இருக்கும் பேட்டையின் பெயர் சேத்துப்பட்டு! நமக்கு சேத்துப்பட்டு என்றால் லூர்து மாதா வீற்றிருக்கும் நம் சேத்துப்பட்டுதான். தாது வருடப் பஞ்ச காலத்தில் ஜனங்களோடு நின்று, வட ஆற்காட்டின் அப்போஸ்தலர் என்று பெயர் பெற்ற தாராஸ் சுவாமியாரின் சேத்துப்பட்டு. பெயர் ஒற்றுமை தற்செயலே. ஆனாலும் நம் சேத்துப்பட்டிலும் ஓர் ஆஸ்பத்திரி உண்டு. புனித தோமையார் மருத்துவமனை, தொழுநோய் மையம். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில் 1957-ல் தொடங்கிய தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் உதவி பெற்று வளர்ந்தது.

அந்தச் சங்கத்தார் மனத்தில் தீ மூட்டியவர் ரவுல் பொல்லெரோ என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கர். உலகத் தொழுநோய் தினத்தை 1954-ல் ஏற்படுத்தியவர் அவர்தான். நம் நாட்டில் காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30-ம் தேதியில் அதை அனுசரிக்கிறோம். அவர் பிரான்சுப் பிள்ளைகளிடம் ஒரு வழக்கத்தைப் பரப்பினார். கிறிஸ்மஸ் இரவில் அடுப்பங்கரையில் உன் இரண்டு காலணிகளோடு மூன்றாவதாக ஒன்றை வை. அது பரிசு கிடைக்காத பிள்ளைக்கு. சிறுமலர் கண்ணீரை விழுங்கிய அதே அடுப்பங்கரை வழக்கம். அதில் ஒரு செருப்பு கூடிவிட்டது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். டி.பி. ஒழிந்துபோன வியாதி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து இலவசம், அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் வெறும் வயிற்றில் மருந்து என்ன செய்யும்? 2022-ல் தமிழக அரசு ஆரம்பித்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளி வந்தவுடன் எடை மிகக் குறைந்திருக்கிறதா, எழுந்து நிற்க முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். எடை குறைந்தவர்களே அதிகம் சாகிறார்கள் என்று கண்டதன் விளைவு அது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சென்னைச் சேத்துப்பட்டு நிலையத்தார், மற்றவர்களோடு சேர்ந்து, ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை ஒரு சோதனை நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீட்டார் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. பாதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டாருக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை என்ற கணக்கில், ஆறு மாதம் கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வெளியாயிற்று. அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்திருந்தது. மருந்தல்ல, ஊசியல்ல, அரிசி பருப்பு!

ஐந்து கிலோ அரிசி. நம் வின்சென்ட் தே பவுல் சபையார் கிறிஸ்மஸுக்குக் கட்டிக் கொடுக்கிற பையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒருமுறை கொடுத்தால் அது பண்டிகைச் சாப்பாடு. ஆறு முறை கொடுத்தால் ஒரு வீட்டில் நோய் நுழையாமல் நிற்கும் கதவு.

மத்திய அரசு நோயாளியின் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டுவந்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியது. 2022-ல் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தின்படி, எந்தச் சங்கமும், எந்தத் தனி மனிதரும், நோயாளி சம்மதித்தால், அவருக்கு மாதந்தோறும் உணவுக் கூடை கொடுக்கப் பெயர் பதிந்துகொள்ளலாம். குறைந்தது ஆறு மாதம். நோயாளியின் பெயரை ஊருக்குச் சொல்லாமல், படம் எடுக்காமல் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் நம் இளைஞர்களுக்கு ஒருமுறைக்கு இருமுறை சொல்லியாக வேண்டும். இன்றைக்கும் பெண் பார்க்க வருகிறவர்கள் விசாரிக்கத்தான் செய்கிறார்கள்.

கடிதம் எழுதும் பழக்கம் போய்விட்டது. கிறிஸ்மஸ் கார்டு வாங்கினவர்கள் நம் பங்கில் கடந்த வருடம் எத்தனை பேர்? டென்மார்க்கிலேயே, 2025-ம் வருடத்தோடு வீட்டுக்கு வீடு கடிதம் வழங்குவதை நிறுத்திக்கொள்வதாக அத்தேசத்துத் தபால் நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டுவரையிலும் முத்திரை நிற்கவில்லை. கிறிஸ்மஸ் தோறும் புதுப் படத்தோடு வந்திருக்கிறது. காசநோய் அங்கே அடங்கிவிட்டதால், முத்திரைப் பணத்தில் நடக்கும் இல்லங்கள் இப்போது வேறு விதமாக நலிந்த, தனிமைப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. ஒட்டுவதற்குக் கடிதம் இல்லாதவர்களும் அந்த முத்திரையை வாங்குகிறார்கள்.

நம் பங்கில் ஒரு யோசனை பேச்சில் அடிபடுகிறது. யூபிலி வருடத்து கிறிஸ்மஸில் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு அரிசிப் பானை வைப்பது. பூசைக்கு வருகிறவர்கள் வீட்டில் உலை வைக்கும்போது எடுத்த ஒரு பிடியைக் கொண்டுவந்து போடுவது. குடிலைப் பிரித்த பிறகும் பானையை எடுக்காமல் விடுவது. எத்தனை வீட்டுக்குப் போதும் என்று சபையார் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வீடு என்கிறார் ஒருவர், நான்கு என்கிறார் இன்னொருவர். கிறிஸ்மஸில் மருந்து தொடங்குகிற ஒருவருக்கு ஆறு மாதம் முடிவது ஜூன் கடைசியில். அதுவரை பானை இருக்க வேண்டும். திரு இருதய ஆண்டவர் வணக்கமாதம் அது.